சம்பந்தியின் கண்ணில் படும்படி ஒரு வண்டி

என் மகளின் தோளில் காறை எலும்பை உடைத்தவர் என் சம்பந்தி. கையால் அல்ல, காரால். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவள் பைக்கில் நால்சந்தியை நேராகத் தாண்டப்போன நேரத்தில், எதிரே வந்த கார் அவளுக்குக் குறுக்கே திரும்பியது. உள்ளே இருந்தது யாரோ வழிப்போக்கன் என்றால் நான் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இருந்தவர் அவளுடைய மாமனார். அன்று காலை அவள் கையால் காபி வாங்கிக் குடித்த ஈரம் மீசையில் இன்னும் காயாதவர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"பார்க்கவே இல்ல சம்பந்தி."

எனக்கு உச்சந்தலையில் ஆவி கிளம்பியது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி தன் ஈரத் துண்டை என் தலைக்கு மேலே பிடித்துக் காயவைத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தவன் ஒரு தனிப் பிறவி. சம்பந்தி வீட்டு நாய் கடித்தாலும், "பல்லுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று நாயை விசாரித்துவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்ளப் போவான். நானும் கேட்டேன்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே சம்பந்தி?"

"முழங்கை லேசா வலிக்குது," என்றார் அவர்.

உள்ளே என் மகள் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்துப் படுத்திருந்தாள். வலியால் கடிக்கிறாள் என்று நர்ஸ் நினைத்து மாத்திரை கொடுத்தாள். எனக்குத் தெரியும், அது வலி இல்லை. சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள், கடிப்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு முறை கோபத்தில் அவள் கடித்த பென்சிலைச் சீவ வேண்டிய வேலையே இல்லாமல் போனது. இரண்டு முனையும் தயாராக இருந்தது.

"மாமா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"பார்க்கலையாம்."

"சிவப்பு ஹெல்மெட். மஞ்சள் சட்டை. பின்னாடி வெள்ளைப் பெட்டி. நான் என்ன கொசுவாப்பா?"

அவள் வேலை ரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் கையில் நரம்பைத் தேடி, குழாயில் ரத்தம் பிடித்து, அந்த வெள்ளைப் பெட்டியில் குளிராக வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பாள். எல்லாரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள். வெறும் வயிற்றோடு இருக்கும் மனிதன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல் நல்லவனாக இருக்கமாட்டான். அவளை அவர்கள் செல்லமாக 'ஊசி' என்று கூப்பிடுவார்கள். பைக் இல்லாவிட்டால் ஊசியும் இல்லை. அவள் போகிற சந்துகளுக்குள் பஸ் வராது, காரும் நுழையாது.

சம்பந்தியின் பார்வையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பெல்ட்டில் போகும் ஆயிரம் பிஸ்கட்டில் ஓரம் உடைந்த ஒன்று இருந்தால் எட்டி எடுத்துவிடுவார். ஒரு நாள் பக்கத்துப் பெல்ட்டில் போன ஒரு உடைந்த பிஸ்கட்டை இங்கிருந்தே முறைத்தாராம். அது வெட்கப்பட்டுத் தானே கீழே குதித்துவிட்டதாம். இது அவர் வாயால் சொன்னது. நான் பாதி குறைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆகவே எல்லாருக்கும் வருகிற சந்தேகம் என் மாப்பிள்ளைக்கும் வந்தது. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். சம்பந்தி பலகையில் இருந்த கடைசி வரி வரை படித்தார். அதற்குக் கீழே மூலையில் அச்சடித்தவரின் விலாசத்தைப் படித்தார். பிறகு, "டாக்டர், உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் வேற நூல்ல தைச்சிருக்கு," என்றார். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்று கொஞ்சம் எரிச்சலோடு எழுதிக் கொடுத்தார்.

கண்ணில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும்? அவள் வண்டியில்தான்.

இந்தத் தீர்ப்பு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வழங்கப்பட்டது. மகளுக்குத் துணையாக நான் அங்கே தங்கியிருந்தேன். ஒற்றைக் கையால் அவள் தட்டில் உள்ளதைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"லைட்டா அது?" என்றார் சம்பந்தி. "பகல்லயும் எரியும்னு பேரு. மின்மினிப்பூச்சி கூட அதைப் பார்த்துப் பாவப்படும். நானும் மனுஷன்தானே, என்னத்தைப் பார்த்து நிறுத்துறது?"

"அப்பா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு," என்றார் மாப்பிள்ளை. அவர் நல்ல பிள்ளை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு இது இருப்பதாகக் கண்டுபிடிப்பார். "பேசாம வண்டியக் குடுத்துடலாம். லேப்லயே உள்ள ஏதாவது வேலை கேப்போம். கவுண்டர்ல உக்கார்ந்து டோக்கன் குடுக்கற மாதிரி."

"டோக்கன் கிழிக்கறதுக்கா நான் நரம்பு தேடக் கத்துக்கிட்டேன்?"

"எதுக்கு உடனே கோபப்படுறே?"

"உடனே எங்க பட்டேன்? எலும்பு உடைஞ்சு இத்தனை நாள் கழிச்சுப் படுறேன்."

சம்பந்தியம்மா யார் முகத்தையும் பார்க்காமல் எல்லார் தட்டிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் சாப்பாடு அதிகமாகும். அவர்கள் எல்லாரும் கொஞ்சம் பருமனாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்களே சொல்லுங்க. என் வண்டி உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி நான் ஆக்கிட்டேன்னா, ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டு. நான் என்ன உனக்கு விரோதியா? தெரியட்டும். தெரிஞ்சா நான் ஏம்மா மோதப்போறேன்?"

"நீங்க பார்த்துச் சரின்னு சொன்னா, அதுக்கப்புறம் யாரும் வண்டியை விக்கற பேச்சை எடுக்கக் கூடாது."

"நான் பார்த்துச் சொல்றேன். நான் சொன்னாச் சொன்னதுதான்," என்றார் தரம் பார்க்கிற அதிகாரி.

மோதியவரே நீதிபதி, மோதப்பட்டவள் பரீட்சை எழுத வேண்டும். ஆனால் அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். நான் தண்ணீரைக் குடித்துக் கோபத்தை அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் குடித்த தண்ணீரில் அடுத்த தெருவரைக்கும் குழாயில் வரத்து குறைந்துவிட்டது.

தெருமுனையில் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்கிற ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனைச் 'சுவிட்ச்சு' என்பார்கள். எதைக் கேட்டாலும் "அது ஒரே சுவிட்ச்சு வேலை" என்பான். பிறகு நான்கு நாள் செய்வான். வளைந்து கிடந்த பைக்கை நிமிர்த்தியபின் அவனிடம்தான் கொண்டுபோனோம்.

"தெரியணும், அவ்வளவுதானே?" என்றான். "ஊரே பார்க்கிற மாதிரி ஆக்கித் தர்றேன் பெரியவரே. ஒரே சுவிட்ச்சு வேலை."

பழைய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றைச் சொருகினான். மாலை மங்குகிற நேரத்தில் கடை வாசலில் போட்டுக் காட்டினான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எதிர் மாடியில் தொட்டியில் இருந்த சூரியகாந்திப் பூக்கள், மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவை, கடகடவென்று திரும்பி எங்களைப் பார்த்தன. கொடியில் தொங்கிய ஈரத் துணிகள் காய்ந்தன. முடிவெட்டும் கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டதில், நாற்காலியில் இருந்தவர் பாதி மீசையோடு எழுந்து வந்தார். சுவிட்ச்சு பெருமையாக வண்டியை ஓட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போனான். திரும்பி வரும்போது அவன் பின்னால் ஒரு சைக்கிள்காரர் நனைந்த கால்சட்டையோடு திட்டிக்கொண்டே வந்தார். எதிரே வந்தவருக்கு ஒன்றும் தெரியாமல் சாக்கடையில் இறங்கிவிட்டாராம்.

"லைட்டு தெரிஞ்சுதா இல்லையா?" என்று அவரிடமே கேட்டான் சுவிட்ச்சு.

"லைட்டு மட்டும்தாண்டா தெரிஞ்சுது. ரோடு எங்க, நீ எங்க, நான் எங்க, ஒண்ணும் தெரியல."

என் மகள் கட்டுப்போட்ட கையோடு கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "கழட்டு," என்றாள்.

"அக்கா, இதுக்கு மேல வெளிச்சம் மார்க்கெட்லயே கிடையாது."

"என்னைப் பார்க்கணும்னுதான் சொன்னேன். எதிர்ல வர்றவங்க கண்ணைப் பிடுங்கச் சொல்லல. லைட்டுக்குள்ள இருக்கற அந்தக் கிண்ணம் பழைய பல்புக்குச் செஞ்சது. இதை அதுல வச்சா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாம மாடிக்குப் போகுது. கழட்டு."

அடுத்ததாக அவன் ஹெட்லைட்டை விட்டுவிட்டுக் கண் சிமிட்டுகிற விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். இது வேறு விதத்தில் வேலை செய்தது. அவன் கிளம்பியதும் சாலையில் இருந்த எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். அவசரக்காரர்கள் நாலைந்து பேர் அவனுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறந்தார்கள். அவர்களில் ஒருவர், நோயாளியின் உறவினர் போலிருக்கிறது என்று இன்னொருவரைப் பார்த்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஊர்வலம் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே போய்விட்டது. காவலாளி ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார். இவன் இறங்கமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தபின்தான் அனுப்பினார்கள்.

"இதையும் கழட்டு," என்றாள் என் மகள்.

அதற்குப் பிறகு அவள் கடைக்குப் போகவில்லை. தினமும் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு, அவளை அடித்துப் போட்ட அதே நால்சந்திக்குப் போனாள். ஓரத்தில் ஒரு கல் மேடை இருந்தது. அதில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தோளில் இருந்த கட்டைப் பார்த்துச் சிலர் காசு போட வந்தார்கள். அவள் பார்த்த பார்வையில் போட வந்தவர்கள் வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனார்கள்.

"அப்பா, அந்த பைக்கைப் பாரு. எவ்வளவு தூரத்துல வருது?"

"தெரியலையே. தூரத்துலன்னு நினைக்கிறேன்."

நான் சொல்லி முடிக்கும்முன் அது எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"அதான். ஒத்தை லைட்டு. ஒரு புள்ளி. புள்ளி பெரிசாகுதா இல்லையான்னு கண்ணுக்குப் புரியறதுக்குள்ள பக்கத்துல வந்துடுது. காருக்குன்னா ரெண்டு லைட்டு, நடுவுல இடைவெளி. கிட்ட வர வர இடைவெளி விரியும். அப்ப மூளை 'வர்றான்'னு சொல்லும்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அந்த பஸ்ஸுக்கு முன்னாடி வர்றவனைப் பாரு," என்றாள்.

பார்த்தேன். பஸ்ஸின் இரண்டு வெள்ளை விளக்கும் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால் வந்த பைக் அந்த வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது. அதில் ஒரு பொடியன் தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டே வந்தான், தான் இல்லவே இல்லை என்று தெரியாமல்.

அவள் கோபம் அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. ஒரு பக்கம் அவளுக்கு மாமனார் மேல் எரிச்சல். ஆனால் இங்கே உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, ஒருவேளை அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ, தான் நிஜமாகவே அவர் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. தன்னை இடித்தவனுக்காகத் தானே வாதாடுகிற நிலைமை இருக்கிறதே, அதைவிட வயிற்றெரிச்சல் உலகத்தில் கிடையாது.

எலும்பு கூடியதும் அவளே சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கினாள். ஹெட்லைட்டுக்குள்ளே இருந்த கிண்ணம் பழைய சோப்புப் பெட்டி மாதிரி மங்கிப்போயிருந்தது. புதிது போடச் சொன்னாள். பல்பு பழைய வகைதான், ஆனால் பாட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்கிற ஒரு சின்னப் பெட்டி வைக்கச் சொன்னாள். அதுவரை சன்னமான ஒயரில் சுவிட்சு வழியாகச் சுற்றிவந்த கரண்ட் வழியிலேயே களைத்துப்போய்க்கொண்டிருந்தது. இப்போது முழுதாக வந்து சேர்ந்தது. பிறகு முன்னால் இருக்கிற லெக் கார்டு கம்பியின் இரண்டு கோடியிலும், தாழ்வாக, மஞ்சள் நிறத்தில் இரண்டு சின்ன விளக்கு. மேலே ஒன்று வெள்ளை, கீழே இரண்டு மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் முக்கோணம். கடைச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, என்னை ஏற்றி உட்காரவைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறாதபடி திருகு திருகாக இறக்கினாள்.

"இது பார்க்க ஒண்ணும் கண்ணைக் கூசலயே அக்கா," என்றான் சுவிட்ச்சு ஏமாற்றத்தோடு.

"அதான் வேணும்."

தெருக்கோடியிலிருந்து அவள் ஓட்டிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு சின்ன முக்கோணம் தெரிந்தது. அது விரிந்தது. விரிந்துகொண்டே நேராக என்னை நோக்கி வந்தது. கண் கூசவில்லை; ஆனால் என் கால் தானாக இரண்டடி பின்னால் போய்விட்டது. சூரியகாந்திகள் இந்தத் தடவை அசையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சை மறுநாள் காலை என்று முடிவானது. அவள் வேலைக்குப் போகிற வழியிலேயே. அவள் அந்தப் பக்கமிருந்து நால்சந்திக்கு வருவாள், சம்பந்தி இந்தப் பக்கமிருந்து காரில் வந்து பார்த்துச் சொல்வார். சாட்சிக்கு நான் அவர் பக்கத்து இருக்கையில்.

"சீட் பெல்ட்டைப் போடுங்க சம்பந்தி," என்றார். "நான் ரொம்ப ஜாக்கிரதையான ஆளு."

"தெரியும் சம்பந்தி," என்றேன்.

நல்ல வெளிச்சம். சாலையில் நெரிசல். எதிர்ப்பக்கம் தூரத்தில், ஒரு பஸ்ஸுக்கு முன்னால், எனக்கு அந்த முக்கோணம் தெரிந்தது. இத்தனை வண்டிகளுக்கு நடுவே அது ஒன்றுதான் மஞ்சளாக, தனியாக, யார் என்று சொல்லிக்கொண்டு வந்தது.

"அதோ வர்றா சம்பந்தி," என்றேன்.

"தெரியுது, தெரியுது." அவர் முகமே மலர்ந்துவிட்டது. "அந்த மரத்தைத் தாண்டும்போதே பார்த்துட்டேன். பிரமாதம். பளிச்சுன்னு இருக்கு. நல்லா வேலை செஞ்சிருக்கா பொண்ணு."

அப்படிச் சொல்லிக்கொண்டே, நிதானமாக, இண்டிகேட்டரும் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து அவளுக்குக் குறுக்கே திரும்பினார்.

டயர் கத்தியது. என் பக்கத்துக் கதவுக்கு ஒரு சாண் தள்ளி முக்கோணம் வந்து நின்றது. என் மடி முழுக்க மஞ்சள். அவளுக்குப் பின்னால் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, செத்துவிட்டேனா என்று ஒரு முறை சரிபார்த்தேன். சாகவில்லை. செத்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். கத்தவில்லை.

"தெரிஞ்சுதா மாமா?"

சம்பந்தி என்னைத் தாண்டி ஜன்னல் பக்கமாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். நீதிபதியின் சிரிப்பு. "நல்லாத் தெரிஞ்சுதும்மா. பாஸு. தாராளமா ஓட்டிக்கோ."

"தெரிஞ்சுதுன்னா ஏன் திரும்பினீங்க?"

அவர் முகத்தில் வந்தது பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. உண்மையான குழப்பம். இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற குழப்பம்.

"நீதானேம்மா," என்றார். "நீ நிறுத்துவேன்னு எனக்குத் தெரியாதா?"

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. அவள் அசையவில்லை.

"அன்னிக்கு?"

"என்னிக்கு?"

"என் எலும்பு உடைஞ்ச அன்னிக்கு. அன்னிக்கும் நான்னு தெரிஞ்சுதா?"

அவர் கண் போகிற போக்கைப் பார்த்தேன். ஆயிரம் பிஸ்கட்டில் ஒன்றைப் பிடிக்கிற கண். அது ஸ்டியரிங்கைப் பார்த்தது, கண்ணாடியைப் பார்த்தது, வைப்பரைப் பார்த்தது. அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது.

"சிவப்பு ஹெல்மெட்டு," என்றார் கடைசியில், மெதுவாக. "நம்ம பொண்ணுதான்னு... சரி, நின்னுடுவாளேன்னு..."

அவள் பைக்கை ஸ்டாண்டு போட்டாள். காரின் முன்பக்கமாகச் சுற்றி நடந்து அவர் பக்கம் போனாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாள்.

"நான் நிறுத்துவேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க நிறுத்துவீங்கன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்? அதுக்கு எந்த லைட்டை மாட்டறது?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. "ரத்தம் குடுக்க ஒரு பெரியம்மா வெறும் வயித்தோட உக்கார்ந்திருப்பாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, பைக்கைத் தள்ளி எங்களைச் சுற்றி வளைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கார் நால்சந்தி நடுவே குறுக்காகக் கிடந்தது. நாலு பக்கமும் வண்டிகள். அன்று அந்த ஊரில் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது. எங்கள் பரம்பரையைப் பற்றி அதுவரை எனக்கே தெரியாத பல விவரங்களை பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"சம்பந்தி," என்றார் அவர், "கொஞ்சம் இறங்கித் தள்ளுங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் கேட்டு நான் மறுத்தது ஒன்றுகூட இல்லை. பந்தியில் எழுந்து இடம் கொடுத்திருக்கிறேன். அவர் சொன்ன பிஸ்கட் கதைகளுக்குச் சிரித்திருக்கிறேன். முழங்கை வலியை விசாரித்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க தள்ளுவீங்க சம்பந்தி," என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஹாரன், இன்னொரு ஹாரன், பஸ் ஹாரன். கதவைத் திறந்து இறங்கினார். பழைய கார், சாவி இல்லாமலும் ஸ்டியரிங் திரும்பியது; அதை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன், அதுவரைக்கும் மறுக்கவில்லை. ஓரம் சேர்ப்பதற்குள் அவர் விட்ட மூச்சில் காரின் பின் கண்ணாடி உள்பக்கமும் பனித்துவிட்டது.

சாயங்காலம் எல்லாரும் மேசையில் இருந்தோம். மாப்பிள்ளைதான் கேட்டார். "என்னாச்சுப்பா, லைட்டு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றார் சம்பந்தி.

"அப்ப சரி, பிரச்சினை முடிஞ்சுது," என்றார் மாப்பிள்ளை.

"மீதியையும் சொல்லுங்க மாமா," என்றாள் என் மகள்.

"அதான் சொல்லிட்டேனே. பாஸுன்னு."

"மீதி."

மாப்பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் ஒரு இது இருக்கிறது என்று தேடினார் போலிருக்கிறது. சம்பந்தியம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்.

சம்பந்தி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பார்த்தேன். அன்னிக்கும் பார்த்தேன்."

சம்பந்தியம்மா கரண்டியைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டார். அன்றைக்கு யார் தட்டிலும் அடுத்த கரண்டி விழவில்லை. "இத்தனை நாள் அந்தப் புள்ளையையும் வண்டியையும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளைக்கு முதல் முறையாக எதிலும் ஒரு இது அகப்படவில்லை. அவரைப் பார்க்கவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. நான் வரிசையாக எல்லார்மேலும் கோபப்பட்டுக்கொண்டு வந்து, கடைசியில் உப்புக் கிண்ணத்தின் மேலும் கொஞ்சம் பட்டேன்.

என் மகள் கார் சாவியை எடுத்து மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினாள். "இந்தாங்க. இது உங்களுது. என் வண்டியைப் பத்தி இனிமே இந்த வீட்டுல பேச்சு இல்ல."

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்காமல் இருந்தது ரோஷமா, வெட்கமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் நான் என் பையோடு ஊருக்குக் கிளம்ப வாசலில் நின்றேன். அவள் பெட்டியைப் பின்னால் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி, எஞ்சினைக் கிளப்பினாள். மூன்று விளக்கும் எரிந்தன. சம்பந்தி முன்னாலேயே போய் வாசல் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. கேட்டுக்கு நடுவில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"யாரும் வரல. நீ வா, வா."

அவள் வரவில்லை. எஞ்சினை அணைத்தாள்.

"என்னம்மா? வழி இருக்கே. நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"நீங்க முதல்ல தள்ளி நில்லுங்க மாமா."

அவர் ஓரமாக நகர்ந்தார்.

"இன்னும்."

அவர் கேட்டை விட்டுவிட்டுப் படி மேல் ஏறி, சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். அப்புறம்தான் அவள் மறுபடி வண்டியைக் கிளப்பினாள். கேட்டருகே வந்ததும் நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, தெருவின் இரண்டு பக்கத்தையும் தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனாள்.